ரோஸ்டாக், முதல் நாள்

டிரம்ஸ்காரன் புதியவன்.
நான்கு எண்ணி அவன் கோலை இறக்க
கிட்டார் ஐந்தாவது எண்ணுக்குக் காத்திருந்தது.
பழைய கப்பல் பட்டறை, கூரையில் ஒழுக்கு.
ஒன்பது வருடம் கழித்து ‘தகர நிலா’ மேடையேறிய இரவு
இலை போடுமுன் சோற்றைக் கொட்டிய பந்திபோலத்
தொடங்கியது.

மூன்றாவது பாட்டில் கெர்லிண்டின் குரல்
ஒரு கட்டை கீழே விழுந்தது.
எழுந்து நடந்தது. மறுபடி விழுந்தது.
துறைமுக விளக்கைப் பற்றிய அந்தப் பாட்டில்,
இரண்டாம் சரணத்துக்கு வாயைத் திறந்தாள்.
வார்த்தை இல்லை.
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினாள்.
இரண்டாயிரம் பேர்
கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டதுபோல்
குனிந்துகொண்டோம்.

திரும்பும் வழியில்
நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் தீர்ப்பு எழுதினோம்.
‘ஓய்வெடுத்திருக்கலாம்’ என்றாள் விப்கே.
‘அறுபத்துநான்கு யூரோ’ என்றான் ஹென்னிங்.
லைப்ஸிக் வரும்வரை அதையே சொன்னான்.
டீலோ மட்டும் பேசவில்லை.
அங்கே வாங்கிய சட்டை
விலைச்சீட்டோடு அவன் மடியில் கிடந்தது.

பதினொன்றாவது இரவு டிரெஸ்டனில்.
போகாமல் இருக்க முடியவில்லை.
எல்லாம் இடத்தில் இருந்தது.
குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல் குரல் வந்தது.
சரியாக இரண்டாம் சரணத்தில்
பின்திரையில் ஒரு கலங்கரை விளக்கு சுழன்றது.
கைதட்டினோம். காரில் ஏறினோம்.
மைசன் தாண்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு விப்கே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே:
‘ரோஸ்டாக்கில் அவள் சிரித்தாளே,
மறந்துபோனதும்.’

அவ்வளவுதான், மடை உடைந்தது.
அந்த மௌனம் திட்டமிட்டதாம், ஹென்னிங் சொன்னான்.
டிரம்ஸ் பையன் பிசகியதும் நாக்கைக் கடித்தானாம்,
அப்போதே அவனைப் பிடித்துப்போனதாம் விப்கேவுக்கு.
கூரை ஒழுக்குகூட நல்ல சகுனமாயிற்று.
அறுபத்துநான்கு யூரோ
யார் நினைவிலும் இல்லை.

என் வேலை காது பார்ப்பது.
கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி,
ஓசை கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பேன்.
நான் அனுப்பாத ஓசைக்கும் சிலர் அழுத்துவார்கள்.
பெரும்பாலும் வயதானவர்கள்,
மனைவியோ மகளோ கதவுக்கு வெளியே காத்திருக்க.
அவர்களைப் பொய்யர் என்று குறிக்க
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

நேற்று விப்கே வீட்டுச் சமையலறையில்
ஹென்னிங் தன் போனில் பதிந்ததைப் போட்டான்.
பதினோரு விநாடி மௌனம்.
யாரோ இருமினார்கள்.
‘காசைத் திருப்பிக் கொடு!’
அது ஹென்னிங்கின் குரல்.
அவன் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினான்.
அப்புறம் பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல்,
தப்பான சுருதி, தப்பான சொல்,
அடுத்த ஆண்டின் ஆல்பத்துக்கு உரிய மெட்டு.
கெர்லிண்ட் அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு ஏறினாள்.
கூட்டம் அவள் பின்னால், ஆளுக்கொரு வரியாக.
டீலோவின் காது சிவந்திருந்தது.
சட்டையைப் போட்டிருந்தான்.
யாரும் கேட்கவில்லை, அவன் சொல்லவும் இல்லை.

‘நீயும் பாடினாய்தானே?’
விப்கே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டு
மூன்றாவது பாட்டின் பாதியில் வெளியேறியவள் நான்.
டிராம் நிறுத்தத்தில் நின்றேன், மழை.
செங்கல் சுவரைத் தாண்டி வந்தது அடித்தளம் மட்டும்:
தும், தும், நின்று, தும்.
சொல் இல்லை, சுருதி இல்லை.
எது பிசகு, எது தாளம்,
அந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.
இரண்டு டிராம்களைப் போகவிட்டேன்.
மூன்றாவதின் ஓட்டுநர் மணியடித்துக் கேட்டார்,
ஏறப்போகிறீர்களா இல்லையா என்று.

விப்கே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் கட்டைவிரல்
மேசையின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.