மற்றவை

இருபத்திரண்டு வருடமாக
நன்றிக் கடிதம் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன்.
சுவான்சியில், கடைசி நாட்களில் இருப்போரைப் பார்த்துக்கொள்ளும்
ஓர் அறக்கட்டளையின் இரண்டாம் மாடி.
ஐந்து பவுண்டுக்கு ஒரு விதமாக,
ஐயாயிரத்துக்கு வேறு விதமாக,
உயில்வழி வந்த வீட்டுக்கு
இன்னும் கொஞ்சம் தாழ்ந்த குரலில்.
'தங்கள்' என்று தட்டினாலே போதும்,
'பெருந்தன்மைக்கு' என்று கணினியே முடித்துவிடும்.

வியாழன் மாலைக்குச் சம்பளம் கிடையாது.
தேவாலய நிலவறையில் உணவு வங்கி.
ஹப்தேயும் நானும் டப்பாக்களில் தேதி பார்ப்போம்.
அஸ்மாராவில் அவன் கணக்கு வாத்தியார்;
இங்கே வேலை செய்ய இன்னும் அனுமதி வரவில்லை.
இந்த ஊரின் ஒரே முழுநேரத் தன்னார்வலர்
தான்தான் என்பான்,
சிரிக்காமல்.

அங்கேதான் ஒருநாள் வரிசையில் ஒருவர்.
முன்கையில் கயிறு திரித்தாற்போல் புடைத்த நரம்பு.
தேநீர் நீட்டினேன்.
'பாதி போதும்மா,
இன்றைய அளவு முடியப் போகிறது' என்றார்.

தண்ணீருக்கு அளவு.
வெளியே விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அவருக்காக இல்லை. அவர் பெயர்கூடக் கேட்கவில்லை.
அவர் வைத்துப்போன அந்தப் பாதிக் கோப்பை மட்டும்
வீடுவரை கூடவே வந்தது.

தம்பி எம்ரிஸ் தொலைபேசியில் கத்தினான்:
'யாரோ ஒருவனுக்கா?
நாளைக்கு என் மகளுக்கு வேண்டியிருந்தால்?'
மருத்துவர்கள் சொன்ன பதிலைச் சொன்னேன்.
அது அவன் கேட்டதற்கான பதில் இல்லை.
அவனுக்கான பதில் அன்றும் என்னிடம் இல்லை,
இன்றும் இல்லை.

அலுவலகத்தில் விடுப்புப் படிவம்.
நோயா, விடுமுறையா, துக்கமா?
ரிடியன் நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு
'மற்றவை'யில் குறியிட்டான்.
காரணம் எழுத அரை வரி இடம் இருந்தது.
அதில் 'சிறுநீரகம்' என்று எழுதி
அழித்து
மறுபடி எழுதினான்.

கார்டிஃபில் ஒரு சின்ன அறை.
சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்விகள்.
'இதற்காக யாரேனும் ஏதேனும் கொடுத்தார்களா?'
இல்லை.
'கொடுப்பதாகச் சொன்னார்களா?'
இல்லை.
'பிறகு ஏன்?'

நல்லது செய்யக் கூலி வாங்குகிறவள் நான்.
ஒன்பது முதல் ஐந்துவரை இரக்கம் என் தொழில்.
தொழில் எங்கே முடிகிறது,
நான் எங்கே தொடங்குகிறேன்,
நடுவில் ஒரு கோடு கிழித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.
இதையெல்லாம் சொல்லவில்லை.
'இரண்டு இருக்கிறதே' என்றேன்.
அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

கோடு கிடைத்தது,
தொப்புளுக்குக் கீழே,
ஒரு சாண்கூட இல்லை.
இருமினால் தெரியும்.

எந்த ஊருக்குப் போனது, தெரியாது.
நான் கண் விழித்தபோது
பனிப்பெட்டி நெடுஞ்சாலையில் இருந்ததாகச் சொன்னார்கள்.

ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது.
ஹப்தே நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.
சிவப்பு பீன்ஸ் டப்பா ஒன்றைத் தேடி எடுத்து,
படத்தில் இருந்த விதையின் வளைவை விரலால் காட்டி,
என் மடியில் வைத்தான்.
'ஈடு' என்றான்.
தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

நான்கு மாதம் கழித்து ஓர் அட்டை வந்தது,
ஒருங்கிணைப்பாளர் வழியாக, பெயரும் ஊரும் இல்லாமல்:

'என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
நேற்று ராத்திரி நாலு தடவை எழுந்து
சிறுநீர் கழித்தேன்.
ஒவ்வொரு தடவையும்
என் மனைவி கதவுக்கு வெளியே கை தட்டினாள்.'

அவ்வளவுதான்.
நன்றி என்ற சொல்கூட இல்லை.
என் மேசைக்கு வந்திருந்தால்
மூன்று இடத்தில் திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை.
ஐந்து பவுண்டு அனுப்பியிருந்த ஒரு கிழவருக்கு
'தங்கள்' என்று தட்டினேன்.
கணினி முந்திக்கொண்டது.
அழித்தேன்.
பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலைக்குள் ஏழு கடிதம்தான் முடிந்தது.
வழக்கமாக அறுபது.