டோக்கன் 4417

ஃபர்வானியா, இரண்டாம் தெரு, சலவைக்கடை.
உம்மு மிஷாரி மேசைமேல் போட்டது
மகனின் தோல் ஜாக்கெட்.
பாலைவனக் கூடாரத்தில் ஐந்து இரவு:
விறகுப் புகை, சிகரெட், தீயில் சொட்டிய கொழுப்பு.
"புகை போகணும். பகூர் வாசம் இருக்கணும்.
அது நான் போட்டது."

இரண்டும் புகைதானே என்று கேட்க
என் அரபிக்குத் தெம்பில்லை.
இன்ஷா அல்லா என்றேன்.
சீட்டில் மூன்று தினார்.

தண்ணீர் பட்டால் விறைக்கும்,
வெயில் பட்டால் வெடிக்கும்.
வினிகர்த் துணியால் ஒற்றி ஒற்றி
உள்துணியில் ஆப்பசோடா தூவி
அடுப்புக்கரியோடு சூட்கேஸில் பூட்டி வைத்தேன்,
மூன்று நாள்.

திறந்தால் கொழுப்பு இல்லை, விறகு இல்லை.
பகூர் எல்லாவற்றுக்கும் முன்பே கிளம்பியிருந்தது.
சிகரெட் மட்டும்
இடது பையில் சம்மணம் போட்டிருந்தது.

புரட்டினேன்.
தையலோரம் பிரிந்த ஓட்டைக்குள்
நசுங்கின முழு சிகரெட் ஒன்று.
குப்பைக்கூடை பக்கத்திலேயேதான் இருந்தது.
ஆனாலும்
நீராவிக் குழாய் சீறும் பின்சந்தில்
பற்றவைத்தேன்.
அந்நேரம் பார்த்து வீடியோவில் ஜெனிட்டா:
"விட்டுட்டீங்கல்ல?"
"எப்பவோ."
செல்போனுக்கு மூக்கில்லை.

மாலையில் அரை தினாருக்கு பகூர் வாங்கி
ஜாக்கெட்டுக்குப் புகை போட்டேன்,
என் சட்டைக்கும் கொஞ்சம்.

உம்மு மிஷாரி காலரை மோந்தாள்.
பையை மோந்தாள்.
என்னை ஒரு பார்வை.

"இது எங்க வீட்டு பகூர் இல்லை" என்றாள்.
மூன்று தினாரையும் எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.