காது வில்லை 317

டகோட்டாவின் அக்டோபர் பனிப்புயலுக்கு
மார்ச்சில் வந்தது நிவாரணக் காசோலை:
நாற்பத்தொரு மாடுகள்.
வேலியோரம் விறைத்துக் கிடந்தவற்றை
வெர்லா தோர்ஸ்கார்ட்
காது காதாகப் பிடித்துப் படம் எடுத்திருந்தாள்.
317 மட்டும் அகப்படவில்லை.
"ஓடை கொண்டுபோயிருக்கும்" என்று
படிவத்தில் எழுதியது நான்தான்,
வெளியே இன்னும் பதினெட்டுப் பேர் நின்றார்கள்.

பணம் அன்றைக்கே
புல்கட்டாகவும் டீசலாகவும் ஆகிவிட்டது.

இன்று காலை தொலைபேசியில் வெர்லா:
அண்டைப் பண்ணை மந்தைக்குள் நின்றதாம்,
விலா எலும்பை எண்ணலாமாம்,
ஒரு காது பனியில் கருகி உதிர்ந்திருக்கிறது,
வில்லை மற்றதில்.
சினை வேறு.

"ஒன்றுக்கான பணத்தைத் திருப்பிக் கட்டணுமா?"

விதி எண் எனக்கு மனப்பாடம்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்குப் பின்னால் அது கத்தியது,
செத்ததாக நான் கையெழுத்திட்ட மாடு.
"தண்ணி காட்டினீங்களா?" என்று கேட்டேன்.