நாலாவது சுற்று

டாக்டர் சொன்னது ஏழு சுற்று.
நிற்காமல், கை வீசி,
கழுத்தில் வியர்வை வழியும்வரை.
நான் நாலாவதில் நின்றுவிடுகிறேன்.
சர்க்கரைதான் நின்றபாடில்லை.

தேரூருக்கு இந்தப்பக்கம் எங்கள் குளம்.
கரையில் பூங்கா என்று பஞ்சாயத்துப் பலகை.
மூன்று சிமெண்ட் பெஞ்சு,
சங்கிலி மட்டும் மிச்சமிருக்கும் ஊஞ்சல்,
மூக்குடைந்த சிமெண்ட் அன்னம் ஒன்று.
அதன் தலையில் தினமும் வந்து உட்காரும் மீன்கொத்தி
எச்சமிட்டு எச்சமிட்டு
அதற்கு நரை வரவழைத்துவிட்டது.

ஆடி மாதம்.
வேளிமலைமேல் மேகம் பிழியாத துணியாகக் கிடக்கிறது.
ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு
வேலைக்குப் போகிற காற்று
வழியில் தாமரை இலைகளைத் தூக்கிப் பார்க்கிறது,
சந்தையில் மீனின் செவுளைத் தூக்குவதுபோல்.
அடியில் சிவப்பில்லை, வெளுத்த பச்சை.
வாங்காமல் நகர்கிறது.

நாமக்கோழிகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
நூற்றிப்பதினொன்றில் ஒரு முக்குளிப்பான்
குறுக்கே எழும்பிக் கணக்கைக் கலைத்தது.
குத்தகைக்காரர் ஓலைவெடி போட்டால்
நீர்க்காகங்கள் மட்டும் எழுந்து
ஒரு வட்டமடித்து
அதே கம்பில் அதே வரிசையில் உட்காரும்.
தண்ணிப்பாம்புக்கு அந்தச் சிரமமும் இல்லை.

நான் நிற்பது ஒரு நீளவால் இலைக்கோழிக்காக.
பிடரியில் பொன், வயிறு கறுத்த காப்பி நிறம்,
குடைக்கம்பி விரல்கள்.
இலைமேல் நாலு முட்டை,
வார்னிஷ் அடித்ததுபோல்.
அடைகாப்பது ஆண்.
பெண், இட்ட கையோடு
குளத்தின் மறுகரையில் இன்னொருவனிடம் போய்விட்டாள்.
இதைப் பிரைட்சிங்கிடம் சொன்னேன்.
அவர் காப்பியை ஆற்றினார், ஆற்றினார்,
அது பச்சைத்தண்ணி ஆகும்வரை.

வியாழக்கிழமை விடியலில் சுயம்பு இறங்கினான்.
லாரி டியூபில் நெஞ்சைச் சாய்த்து,
பல்லிடுக்கில் கத்தி.
மறுநாள் ஆடி வெள்ளி.
தோவாளைச் சந்தையில் மொட்டுக்கு என்ன விலை சொன்னாலும் போகும்.
அவன் கை போன வழியெல்லாம்
குளம் வழுக்கையானது.
முட்டைக்கு இருபது முழம்.
பத்து.
“எய்யா, அங்க முட்ட கெடக்கு!”
காற்று என் குரலையும்
ஆரல்வாய்மொழிக்கு எடுத்துப்போனது.

பறவை பறக்கவில்லை.
அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே
ஒரு முட்டையை இடுக்கிக்கொண்டு
பின்பக்கமாக நடந்தது.
இலை தாழ, தண்ணீர் காலேற,
அடுத்த இலை.
திரும்பி வந்தது. இரண்டாவது.
குறுகலான மாடிப்படியில்
பீரோ இறக்குகிறவனின் நிதானம் அதற்கு.
மூன்றாவது.

சுயம்பு நின்றுவிட்டான்.
கழுத்தளவு தண்ணீரில் டியூபைக் கட்டிக்கொண்டு
அவனும் பார்த்தான்.
இருமல் வந்தது.
நனைந்த கையால் வாயைப் பொத்தி
தோள் மட்டும் குலுங்க அடக்கினான்.
குளத்தில் அப்போது
வேலையாக இருந்தது அது ஒன்றுதான்.

கரையேறியவனிடம் கேட்டேன்:
“அந்தப் பக்கம் நாப்பது மொட்டு இருக்கும்லா?”
“அம்பது.”
ஈரச்சாக்கில் மொட்டைச் சுற்றினான்.
“நாளைக்கு விரிஞ்சிரும். விரிஞ்சத எவன் வாங்குவான்?”
வண்டியை மூன்று முறை உதைத்தான்.
நாலாவதில் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை ஐம்பதும் விரிந்து நின்றன,
எந்தச் சாமிக்கும் போகாமல்.

நாலாவது முட்டை என்ன ஆனதோ.
நான் சுயம்புவைப் பார்த்திருந்த நேரம்
அது நடந்து முடிந்திருந்தது.
புது இலையில் பறவை அசையாமல் அமர்ந்திருக்கிறது.
எழுந்தால்தான் எண்ணமுடியும்.
எழவில்லை.
நடப்பவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்,
ஐந்து, ஆறு.

அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கவேண்டும்.
டாக்டர் கேட்டால்
ஏழு என்றுதான் சொல்வேன்.