பணகுடியில் இரண்டு பங்குதாரர்கள்

"யாரு நீங்க?" என்றார் வாட்ச்மேன்.
"ஓனர்" என்றார் கோமதிநாயகம்.
நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

பொய்யில்லை.
ஒரு கோடியே பத்து லட்சம் பங்கில்
எங்களுடையது இரண்டாயிரத்து நானூறு.
கணக்குப் பார்த்தால் இந்தக் கேட்டில்
ஒரு கீல், அதில் ஓர் ஆணி,
ஆணியில் ஏறிய துருவில் பாதி.

பதினோரு வருஷமாய்ப் பதினாலு ரூபாயில் நிற்கிற பஞ்சாலை.
"நிலத்த மட்டும் வித்தாலே
பங்குக்கு இருவத்தெட்டு தேறும், ஆவுடை.
ரூவாய எட்டணாவுக்கு விக்கான்,
வேண்டாங்கியா?"
மகாராஜநகர் உழவர் சந்தை கலையும் நேரம் பார்த்துப் போய்க்
கூறு விலைக்குக் கத்தரிக்காய் அள்ளி வருகிறவர்.
சொத்தையை அரிந்து எறிந்தால் மிச்சமெல்லாம் சொத்து என்பார்.
அரிகிறவள் நான்.

என் வழி வேறு.
நாங்குநேரி சார்பதிவாளர் ஆபீஸுக்குத்
தினம் பஸ்ஸில் போகிறேன்.
ஒரு மாசி மாதம், டோல்கேட்டில்,
லாரிக்கு ஒன்றாய்க்
காற்றாலை இறக்கைகள் தெற்கே ஊர்ந்தன.
திங்கள் மூன்று. புதன் ஐந்து. வெள்ளி ஒன்பது.
பேப்பரில் வரும் முன்னே வாங்கினேன், தொண்ணூறில்.
முந்நூற்று எழுபதைத் தொட்டது.
லாபத்தைப்போல் அறுபது மடங்கு விலையா என்று
தலையில் அடித்துக்கொண்டார்.
வளருகிற பிள்ளைக்குச் சட்டையைப்
பெரிதாய்த்தானே தைக்கணும் என்றேன்.

அதற்கப்புறம் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.
போனில் கோடு வந்துவிட்டது.
உச்சி, பள்ளம், அதைவிட உச்சி என்று
விரலால் இழுத்துக்கொண்டே போவேன், வருவேன்.
லாரிகள் நின்றது எந்த வாரம்?
தெரியாது.
இருநூறில் சின்ன இறக்கம் என்றேன்.
நூறில், மூச்சு வாங்குகிறது என்றேன்.
இருபத்தொன்றில் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்குள் மகளுக்குக் காலேஜ் பணம்.
எதை விற்பது என்றுதான் சண்டை.
ஜாயிண்ட் கணக்கு, சீட்டில் இரண்டு கையெழுத்து.
மில்லை விற்க என்னுடையது போட்டாயிற்று.
"ஒருதடவ நேர்ல பாத்துட்டுச் சொல்லு"
என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்துவிட்டார்.

வாட்ச்மேன் தங்கப்பழம் கேட்டைத் திறந்தார்.
உள்ளே நூலும் இல்லை, ஓசையும் இல்லை.
"மிசினெல்லாம் போன தையிலயே
கோயம்புத்தூர்க்காரன் ஏத்திட்டுப் போயிட்டான் சார்."
தரையில் வரிசை வரிசையாய் போல்ட் ஓட்டைகள்.
ஆடுகள் அவற்றை மிதிக்காமல் நடக்கப் பழகியிருந்தன.

சுவருக்குப் பின்னால் நாலு காற்றாலை.
ஆடிக் காற்று சேலையைப் பறித்தது.
இரண்டு சுற்றின.
அவையும், காற்று திரும்பிய பிறகுதான்
மெதுவாய் முகத்தைத் திருப்பின.
"அந்த ரெண்டும் மூணு வருசமா நிக்கு.
செஞ்ச கம்பெனி சாமானே அனுப்ப மாட்டக்கான்."
தண்டில் எழுதியிருந்த பேர் என் கம்பெனியின் பேர்.
அவரும் படித்தார்.
"வெயில்ல நிக்காத" என்றார், அவ்வளவுதான்.

என் பைக்குள் ஒரு வில்லங்கச் சான்று இருந்தது.
இந்தப் பதினோரு ஏக்கரும்
இரண்டு பாங்கில் அடமானம்.
புதன்கிழமையே எடுத்துவிட்டேன்.
"எழுத ஒரு தாள் குடு" என்று கை நீட்டினார்.
கைக்கு வந்தது சீட்டுதான்.
அதன் முதுகில் குனிந்து குறித்தார்:
கிணறு 2
வேம்பு 41
ஆடு 23 (நம்முடையது இல்லை)

திரும்பும் பஸ்ஸில் போனுக்கு டவர் இல்லை.
வள்ளியூர் தாண்டி ஜன்னலுக்கு வெளியே
தார்ப்பாய் விலகிய ஒரு லாரி,
உள்ளே நீலக் கண்ணாடித் தகடுகள்
கட்டுக் கட்டாய் நிறுத்தி வைத்து.
அப்புறம் இன்னொன்று.
"என்னத்த எண்ணுத?"
"ஒண்ணுமில்ல."
டோல்கேட் வந்தது.
"சும்மா சொல்லு."
"ஏழு."

பேனாவை நீட்டினார்.
ஆட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.