நாற்பத்தைந்து கிலோ

ரத்தம் கொடுக்க நாற்பத்தைந்து கிலோ வேண்டுமென்று
தேவனாம்பட்டினம் புயல் காப்பகத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
வயது பதினெட்டு.
வயதை வாயால் சமாளித்துவிடலாம்,
எடையை?
ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு.

"ஞாயித்துக்கிழமை கேம்ப்புக்கு
நம்ம ஊர் ஆம்பளைங்க ஒருத்தனும் வரமாட்டான் பாரேன்,
ஊசின்னா ஓடிடுவானுங்க."
ஷேர் ஆட்டோவில் பூங்கோதை இதைச் சொன்னது
மடியில் நர்சிங் நோட்டு வைத்திருந்த இன்னொருத்தியிடம்.
மஞ்சக்குப்பம் வருவதற்குள்
என்னிடம் சொன்னதாக அதை மாற்றிக்கொண்டேன்.

ஊரே அவளை அக்கா என்னும்.
நானும் ஏழாவதுவரை அப்படித்தான்.
எட்டாவதில் நிறுத்தினேன்.
அதற்கப்புறம் அவளைக் கூப்பிட என்னிடம் சொல்லே இல்லை.
பேர் சொன்னால் அடி விழும்.
"ஏங்க" என்றால் அர்த்தமே வேறாகிவிடும்.
மூன்று வருஷமாக
இருமித்தான் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி
கொல்லையில் கிடந்த அப்பாவின் பழைய வலையிலிருந்து
ஈயக்குண்டுகளை பிளேடால் அறுத்தேன்.
ஒன்று நூறு கிராம்.
முப்பது.
கணக்கில் நான் வீக் இல்லை.

காலையில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.
பெல்ட்டுக்கு மேலே வலைநூலால் ஒரு சுற்று.
சட்டையை வெளியே விட்டு
இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பவனைப்போல
தெருவில் நடந்தேன்.
ஐஸ் வண்டிக்குக் கீழே படுத்திருந்த நாய்
எழுந்து வழிவிட்டது.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு" என்றாள்.
செருப்பை நான் கணக்கில் எடுக்கவில்லை.
முள் ஆடி ஆடி
நாற்பத்தைந்துக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்றது.
மூச்சை இழுத்து அடக்கினேன்.
காற்றுக்கும் எடை உண்டு,
ஏழாவது பாடத்தில் இருக்கிறது.

"வயசு?"
"பதினெட்டு."
'ட்டு'வில் குரல் உடைந்து கீச்சென்றது.
பின்னால் நின்ற லாரி டிரைவர் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.
பேனாவை மூடினாள்.
"நீ தேசிங்கு மவன்தானே?"

பதில் சொல்லத்தான் திரும்பினேன்.
பக்கத்துக் கட்டிலருகே
யாருடையதோ ரத்தம் ஒரு பையில் நிறைந்து
தூளிப்பிள்ளைபோல ஆடிக்கொண்டிருந்தது.
அதன் நிறம்
நான் நினைத்த சிவப்பு இல்லை.

கண் திறந்தபோது
சிமென்ட் தரையெங்கும் குண்டுகள் உருளும் சத்தம்.
பையன்கள் கோலி பொறுக்குவதுபோலப் பொறுக்கினார்கள்.
பாக்கெட் கிழிந்திருந்தது.
என்னைத் தூக்கி உட்காரவைத்தவர் அந்த டிரைவர்.
பூங்கோதை முட்டிபோட்டு
மேசைக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து
எனாமல் தட்டில் போட்டாள்.
டொக். டொக்.
எண்ணுகிறாளோ என்று நானும் எண்ணினேன்.

"இத்தோட கடல்ல எறங்கியிருந்தா
நேரா அடிக்குத்தான் போயிருப்ப."
கோபமா என்று பார்த்தேன்.
உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்,
எதையோ அடக்க.
"ரத்தம் குடுத்தவங்களுக்குத்தான் ஜூஸ்.
போனாப் போவுது, நீ விழுந்தியே."
மாம்பழ ஜூஸ் டப்பாவில்
ஸ்ட்ராவையும் அவளே குத்தித் தந்தாள்.

"தேங்க்ஸ்க்கா."

வந்துவிட்டது.
மூன்று வருஷம் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தது.
அவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.
"அடுத்த ஆளு வாங்க" என்றாள்.

வீட்டில் கொட்டி எண்ணினேன்.
இருபத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், இருபத்தொன்பது.
முப்பதாவது அவளிடம் இருக்கிறது.
வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டில்,
பேனாவோடு.
வார்டில் நடக்கும்போது
லேசாக இடிக்கும், இடிக்கும்போது யோசிப்பாள்.
திங்கள், செவ்வாய், புதன்
இதை வைத்தே ஓட்டினேன்.
சோறு இறங்கியது. கணக்குப் பரீட்சை கூட நன்றாக எழுதினேன்.

வியாழக்கிழமை
துணி துவைக்கிற கல்லில்
பேன்ட்டை ஓங்கி அடித்த அம்மா
ஐயோ என்று கையை உதறினாள்.
கால் மடிப்பைப் பிரித்து
உள்ளே விரல் விட்டுத் துழாவி
வெளியே எடுத்துப் பார்த்தாள்.
"இது எப்படிடா இங்க வந்துச்சு?"

இருமினேன்.