அரைச்செங்கல் சுவர்

மூன்றாம் முறை மனுப் போட்டபோது
சார்ஜன் ரொஸ்லான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:
"புவான் தவமலர், நாய் வளர்க்கலாமே?"
நாய் இருந்தது.
பாராங்கோடு வந்தவன் வீசிய கோழித்துண்டைத் தின்றுவிட்டு
வாசல்வரை போய் அவனை வழியனுப்பியும் வைத்தது.
சொன்னேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

பினாங்கு வீதியில் காசு மாற்றும் கடை எனக்கு.
பத்து நாட்டு முகங்களை ரப்பர் வளையத்தில் கட்டி
இரவில் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று
ஜெலுத்தோங்கில் எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.
பையில் இருப்பது கழுவாத சோற்றுப் பாத்திரம்.

அனுமதி வரப் பதினோரு மாதம்.
அதற்குள் பக்கத்து வீட்டு ஹயாத்திக்கு
ஒரு பையன் பிறந்து, குப்புற விழவும் பழகிவிட்டான்.

கடைக்காரர் கூ மூன்றைப் பச்சைத் துணிமேல் கிடத்தினார்,
சந்தையில் மீனைக் கிடத்துவதுபோல.
மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்.
இதில் எதைத் தூக்கிப் பார்ப்பது?

முதலாவதை இழுத்துத் தள்ளிக் காட்டினான் கடைப்பையன்.
"இந்தச் சத்தத்துக்கே ஓடிருவான், ஆன்ட்டி."
ஓடாதவனைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது கைத்துப்பாக்கி. பைக்குள் அடங்கும்.
என் பையைத் துழாவாதவர் யார்?
மகன் பெட்ரோல் காசுக்கு,
மருதப்பன் பிரஷர் மாத்திரைக்கு,
நானே இருட்டில், சாவிக்கு.

கடைசியாக இரட்டைக் குழல்.
நடுவில் மடக்கினால் இரண்டு துளையும் வெளிச்சத்தில் நிற்கும்.
காலியா இல்லையா என்று
குருட்டு விரல்கூடச் சொல்லிவிடும்.

வயதைக் கேட்பார், தோள் வலியைக் கேட்பார் என்றிருந்தேன்.
கூ கேட்டது: "வீட்டுச் சுவர் என்ன கனம்?"
விழித்தேன்.
"சுட்டது திருடனோடு நின்றுவிடும் என்று
உங்களுக்கு யார் சொன்னது?"

தாமான் வீடு. அரைச்செங்கல்.
ஹயாத்தி வெங்காயம் வதக்கினால் எங்களுக்குக் கண் எரியும்.
மருதப்பன் இருமினால் மறுநாள் காலை
வேலிக்கு மேல் இஞ்சித் தண்ணீர் வரும்.
நள்ளிரவில் பையன் அழுதால்
எந்தக் கையை ஊன்றி அழுகிறான் என்பதுவரை எனக்குத் தெரியும்.

அன்று இரவு தையல் நாடாவை எடுத்தேன்.
மறுமுனையை மருதப்பன் பிடித்தார். எதற்கென்று கேட்கவில்லை.
அறைக்கதவில் ஒருவன் நின்றால்
அவன் முதுகுக்கும் சுவருக்கும் நாலடி.
சுவருக்கும் தொட்டிலுக்கும்
நாங்கள் அளக்க முடியாத ஏதோ கொஞ்சம்.

கட்டிலைத் திருப்பினோம்.
இப்போது குறிக்கு நேரே ஜன்னல்,
ஜன்னலுக்கு நேரே விடியும்வரை மீ கோரெங் போடுகிறவரின் வண்டி.
மறுபடி திருப்பினோம். அந்தப் பக்கம் மகனின் அறை,
பாயான் லெப்பாஸ் ஷிப்ட் முடிந்து
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைகிறவன்,
எங்களை எழுப்பக் கூடாதென்று
திருடனைவிட மெதுவாக.
எப்படிப் போட்டாலும்
குழலின் முன்னால் யாரோ ஒருவர் எங்கள் சோற்றைத் தின்றவர்.

இருந்தும் வாங்கினேன்.
கழுத்தில் பாராங்கின் குளிர் இன்னும் இருக்கிறது,
சால்வை போட்டால் போவதில்லை.
இரட்டைக் குழல், இரும்புப் பெட்டி, பெட்டிக்கு எண் பூட்டு.
விளக்கை அணைத்துவிட்டுப் பழகிப் பார்த்தேன்:
எண்ணைத் திருக, எடுக்க, மடக்க, நிரப்ப
நாற்பத்திரண்டு நொடி.
கிரில்லை அறுத்தவனுக்கு அதில் பாதிகூட ஆகவில்லை.
"அவனை உட்காரச் சொல்லு," என்றார் மருதப்பன் இருட்டில்,
"நான் கோப்பி கலக்குறேன்."

நேற்று வேலியோரம் ஹயாத்தி:
"அக்கா, ராத்திரி ராத்திரி என்ன நகர்த்துறீங்க?"
"கட்டில். தூக்கம் வரல."
"இவனும் அப்படித்தான் இருந்தான்.
உங்க பக்கத்துச் சுவர் நல்ல குளிர்ச்சி.
தொட்டிலை அதோட ஒட்டிப் போட்டுட்டேன்,
இப்ப அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான்."

நாற்பத்திரண்டைக் குறைக்க
அதற்குப் பிறகு நான் பழகவில்லை.
பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.